பெயர் ஒன்று, வேலை வேறு! – பி.டி-1 கண்ணுக்குத் தெரிந்த கதை

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த நண்பர் முதலிலேயே எச்சரித்துவிட்டார்: "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே. அதைப் பற்றி ஒவ்வொரு மலரிலும் ஒரு கட்டுரை வந்துகொண்டுதான் இருக்கிறது. நீ ஏதோ ஆஸ்பத்திரி மெஷினெல்லாம் ரிப்பேர் பார்க்கிறாயே, அதைப் பற்றி எழுது."

நான் நம் கல்லூரியில் கருவியியல் படித்தவன். அரியர் இல்லாமல் தேறியவன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். என் வகுப்பு நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. இப்போது என் தொழில், ஃப்ளோ சைட்டோமீட்டர் என்னும் கருவியை ஆராய்ச்சிக்கூடங்களில் பொருத்துவதும் பராமரிப்பதும். செல்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின்மீதும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து அந்தச் செல் எந்த ஜாதி, என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கருவி அது. ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான செல்களை எண்ணிவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அவசர அழைப்பு. போனேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு மாணவி, தூக்கமில்லாத முகத்தோடு, "சார், உங்க மெஷின் பொய் சொல்லுது" என்றார். புற்றுநோயாளிகளின் ரத்தத்திலுள்ள டி செல்களில் பி.டி-1 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்தில் அது நன்றாகத் தெரிகிறது. சிகிச்சை தொடங்கிய பிறகு எடுத்த ரத்தத்தில் அடியோடு காணோம்! இரண்டு வருட உழைப்பு. "இல்லை" என்று எழுதிக் கட்டுரை அனுப்புவதா, மெஷினைக் குறை சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள இந்தப் பி.டி-1-இன் சரித்திரம் தெரிய வேண்டும். அதைத் தேடிப் படித்த பிறகுதான், இது நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்று எனக்குத் தோன்றியது.

சாவைத் தேடிப் போனவர்

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம். பேராசிரியர் தாசுகு ஹோன்ஜோவின் ஆராய்ச்சிக்கூடம். அங்கே யசுமாசா இஷிதா என்ற இளம் ஆராய்ச்சியாளருக்கு ஒரு கேள்வி. நம் உடம்பில் தினமும் எண்ணற்ற செல்கள் தாமாகவே இறந்துபோகின்றன. இது விபத்து அல்ல, திட்டமிட்ட சாவு. அப்படியானால் சாகும் நேரத்தில் செல்லுக்குள் ஏதோ ஒரு ஜீன் விழித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அது எது?

அவர் கையாண்ட முறை நமக்கெல்லாம் புரியக்கூடிய கழித்தல் கணக்குதான். சாகும் நிலையில் இருக்கும் செல்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஜீன்களின் பட்டியலிலிருந்து, சாதாரணமாக இருக்கும் செல்களின் பட்டியலைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் நிற்பது சாவுக்கான ஜீனாக இருக்கலாம். அப்படிக் கழித்து ஒரு புதிய ஜீனைப் பிடித்தார்கள். 1992-ல் 'எம்போ ஜர்னல்' இதழில் கட்டுரை வந்தது. அந்த ஜீனுக்கு வைத்த பெயர், திட்டமிட்ட சாவு என்று பொருள்படும் 'புரோகிராம்டு டெத்-1'. சுருக்கமாகப் பி.டி-1.

பெயர் வைத்தாயிற்று. ஆனால் பெயர் சரிதானா? ஜீனின் எழுத்து வரிசை தெரியும். அதைப் பார்த்தால் செல்லின் மேல்தோலில் உட்காரும் புரதம்போல இருந்தது. ஆனால் உண்மையிலேயே அங்கே உட்காருகிறதா? எந்தச் செல்லில்? எப்போது? இவற்றை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. சர்க்யூட் வரைபடம் கையில் இருக்கிறது, போர்டைத் தொட்டுப் பார்க்கப் புரோப் இல்லை என்கிற நிலைமை.

அந்தப் புரோப்தான் ஆன்டிபாடி.

புரோப் செய்த பரம்பரை

ஆன்டிபாடி என்பது நம் உடம்பே தயாரிக்கும் புரதம். ஒரு குறிப்பிட்ட அந்நியப் பொருளின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பூட்டும் சாவியும்போலப் பற்றிக்கொள்ளும். இதை ஆராய்ச்சிக்கான அடையாளக் கருவியாக மாற்ற மூன்று படிகள் தேவைப்பட்டன.

முதல் படி, ஆன்டிபாடிக்கு விளக்கேற்றியது. 1940-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைக் கோத்தார். ஆன்டிபாடி எங்கே ஒட்டுகிறதோ அங்கே வெளிச்சம் தெரியும்.

இரண்டாவது படி, ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடி. விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி பலவகை கலந்த கூட்டம். 1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லை, ஓயாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். அந்தக் கலப்புச் செல் ஒரே வகை ஆன்டிபாடியை வற்றாமல் சுரந்துகொண்டே இருந்தது. இதுவே மோனோகுளோனல் ஆன்டிபாடி. 1984-ல் நீல்ஸ் ஜெர்னேயுடன் சேர்ந்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பிரிட்டனில் யாரும் காப்புரிமை எடுக்கவில்லை. உடனடியான உபயோகம் எதுவும் தெரியவில்லை என்று பொறுப்பான அமைப்பே விட்டுவிட்டது! இன்று உலகில் மிக அதிகம் விற்கும் மருந்துகளில் பல இந்த முறையின் வாரிசுகள்.

மூன்றாவது படி நம் துறை. 1965-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் மேக் ஃபுல்வைலர் என்ற பொறியாளர், இங்க்ஜெட் தத்துவத்தை வைத்துச் செல்களைத் துளித்துளியாகப் பிரிக்கும் கருவியைச் செய்தார். ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்ஸன்பெர்க் குழுவினர் அதோடு ஒளிரும் சாயத்தையும் லேசரையும் இணைத்தார்கள். இன்று நான் சோறு சாப்பிடுவது அந்தப் புண்ணியவான்களால்தான்.

ஜே43 காட்டிய உண்மை

மீண்டும் கியோட்டோவுக்கு வருவோம். சுண்டெலியின் பி.டி-1-ஐப் பிடிக்க ஆன்டிபாடி வேண்டும். சுண்டெலிக்கே அதை ஊசி போட்டால் பயன் குறைவு. தன் சொந்தப் புரதத்தை அது அந்நியமாகக் கருதாது. எனவே ஆர்மீனியன் ஹாம்ஸ்டர் என்னும் வேறொரு சிறு பிராணிக்கு, பி.டி-1-ஐத் தாங்கி நிற்கும்படி மாற்றப்பட்ட செல்களைச் செலுத்தினார்கள். கிடைத்த ஆன்டிபாடிகளில் ஒன்றின் பெயர் ஜே43. யசுதோஷி அகாதாவும் ஹோன்ஜோ குழுவினரும் 1996-ல் 'இன்டர்நேஷனல் இம்யூனாலஜி' இதழில் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள்.

முதலில் எடை. எழுத்து வரிசைப்படி கணக்குப் போட்டால் இந்தப் புரதம் சுமார் 29,000 டால்டன் இருக்க வேண்டும். ஜே43 பிடித்துக் கொடுத்ததோ 50,000 முதல் 55,000 வரை! மீதி எடை, புரதத்தின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுடையது என்று முடிவுசெய்தார்கள். வரைபடத்தில் இல்லாத விஷயம் போர்டில் இருந்தது.

அடுத்து, இடம். சும்மா இருக்கும் சுண்டெலியின் தைமஸ், மண்ணீரல், நிணநீர்க் கணு, எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் சைட்டோமீட்டரில் ஓடவிட்டார்கள். பி.டி-1 உள்ள செல்கள் மிகச் சொற்பம். ஆனால் டி செல்லைத் தூண்டிவிட்டால், அதாவது எதிரி வந்துவிட்டான் என்ற சமிக்ஞையைக் கொடுத்தால், பி.டி-1 மேல்தோலுக்கு வந்து நிற்கிறது. பி செல்லிலும் அப்படியே.

மூன்றாவதுதான் முக்கியம். செல்களை வேறு வழிகளில் சாகவைத்துப் பார்த்தார்கள். டெக்ஸாமெத்தசோன் மருந்து கொடுத்தார்கள். வளர்ச்சிப் பொருளை நிறுத்தினார்கள். செல்கள் இறந்தன. பி.டி-1 குறிப்பிடும்படி வரவில்லை! சாவுக்குப் பொதுவாகத் தேவைப்படும் புரதம் இது இல்லை என்பது தெளிவாகிவிட்டது. 'சாவு' என்று பெயர் வைத்த அதே ஆராய்ச்சிக்கூடம், தானே செய்த புரோபைக் கொண்டு, தான் வைத்த பெயர் பொருந்தவில்லை என்று அச்சில் ஏற்றியது.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

ஆக்ஸிலரேட்டர் அல்ல, பிரேக்!

அப்படியானால் பி.டி-1 என்னதான் செய்கிறது? அந்தப் பாகத்தையே கழற்றிவிட்டு வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். பி.டி-1 ஜீன் இல்லாத சுண்டெலிகளை ஹிரோயுகி நிஷிமுரா முதலியோர் வளர்த்தார்கள். பிறந்தவுடன் ஒன்றும் தெரியவில்லை. மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். 1999-ல் வெளியான முடிவு: வயது ஏற ஏற, அவற்றின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் தாக்கத் தொடங்கியது. வேறோர் இனச் சுண்டெலியில் இதயம் வீங்கிச் செயலிழந்தது. இது 2001-ல் வெளியானது.

பி.டி-1 ஒரு பிரேக். டி செல் என்ற போர்வீரன் சண்டையில் இறங்கியதும், அளவு மீறாமலிருக்க அதன்மேல் ஏறி உட்காரும் கட்டுப்பாடு. தூண்டிய பிறகே அது மேல்தோலுக்கு வருவதை ஜே43 காட்டியதன் அர்த்தம் இப்போது விளங்கியது. ஓடாத வண்டிக்குப் பிரேக் எதற்கு?

இந்தப் பிரேக்கை மிதிக்கும் கால் எது என்று 1999, 2000 ஆண்டுகளில் தெரிந்தது. பி.டி-எல்1 என்னும் புரதம். பல புற்றுநோய்ச் செல்கள் இதைத் தம்மீது வைத்துக்கொண்டு, கொல்ல வரும் டி செல்லின் பிரேக்கை மிதித்துவிடுகின்றன! 2002-ல் யோஷிகோ இவாய் முதலியோர் சுண்டெலிகளில் அந்தக் காலைத் தட்டிவிட்டபோது கட்டிகளின் வளர்ச்சி குறைந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு பிரேக்கின் கதையும் நடந்துகொண்டிருந்தது. 1987-ல் பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்ட சி.டி.எல்.ஏ-4-ஐச் சிலர் ஆக்ஸிலரேட்டர் என்று நினைத்தார்கள். 1990-களின் நடுவில் ஜெஃப் புளூஸ்டோன் குழுவும் ஜேம்ஸ் ஆலிசன் குழுவும் ஆன்டிபாடிகளைக் கொண்டு அது பிரேக் என்று காட்டின. அந்தப் பிரேக்கை ஆன்டிபாடியால் மறைத்தால் சுண்டெலியின் கட்டி கரைகிறது என்று 1996-ல் ஆலிசன் குழு வெளியிட்டது. அடையாளம் காட்டும் ஆன்டிபாடி, சிகிச்சை செய்யும் ஆன்டிபாடியாக உருமாறிய தருணம் அது.

2011-ல் அமெரிக்காவில் இப்பிலிமுமாப். 2014 ஜூலையில் ஜப்பானில் நிவோலுமாப், பி.டி-1-ஐ மறைக்கும் ஆன்டிபாடி. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப். 2018-ல் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் நோபல் பரிசு.

1992-ல் ஜீன்; 2014-ல் மருந்து. இருபத்திரண்டு வருடம். என் பெரியப்பா 2009-ல் நுரையீரல் புற்றுநோயால் போனார். நான் அப்போது நம் ஹாஸ்டலில், செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதியைக் கட்டியவர் அவர்தான். அந்த மருந்து இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் இம்மருந்துகள் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. பலன் பெறாதவர்கள் நிறையப் பேர். விலையோ நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மலைபோல. யாருக்கு வேலை செய்யும், யாருக்குச் செய்யாது என்று முன்கூட்டியே அறிய உலகம் முழுவதும் முயற்சி நடக்கிறது. அதற்காகத்தான் அந்த மாணவியும் பி.டி-1-ஐ எண்ணிக்கொண்டிருந்தார்.

மெஷின் பொய் சொன்னதா?

இப்போது அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்புவோம்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். லேசரின் சக்தி, ஒளிப்பாதை, ஃபில்டர், டிடெக்டர், திரவ அழுத்தம் எல்லாம் பார்த்தேன். அளவு தெரிந்த ஒளிர் மணிகளை ஓடவிட்டேன். கோடு போட்டதுபோல் வந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஆன்டிபாடிக் குப்பி. அதன் லேபிளில், ஆராய்ச்சிக்கு மட்டும், நோயறிவதற்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இந்த வாசகத்தை நாம் யாரும் நின்று படிப்பதில்லை. இது எந்தச் சூழ்நிலையில் சரியாக வேலை செய்கிறது என்று நீயே சோதித்துக்கொள் என்பதுதான் நடைமுறையில் அதன் அர்த்தம். ஆராய்ச்சி ஆன்டிபாடிகளில் பல, லேபிளில் உள்ளதைப் பிடிக்காமல் வேறெதையோ பிடிக்கின்றன என்பது இத்துறையின் பெரிய தலைவலி. 2015-ல் பிராட்பரியும் ப்ளூக்தூனும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, ஒவ்வொரு ஆன்டிபாடியும் அதன் எழுத்து வரிசையோடு அடையாளப்படுத்தப்பட வேண்டும் என்று 'நேச்சர்' இதழில் குரல் கொடுத்தார்கள்.

ஆகவே குப்பியையும் சந்தேகப்பட்டோம். சிகிச்சை எதுவும் எடுக்காத, நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் ரத்தச் செல்களைத் தூண்டிவிட்டு, அதே குப்பி, அதே மெஷின், அதே நாளில் ஓட்டச் சொன்னேன். பளிச்சென்று பி.டி-1 தெரிந்தது. குப்பியும் யோக்கியமானதுதான்!

நம் கல்லூரி அளவியல் லேபில் ஓர் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: "மீட்டர் தப்பு காட்டுதுன்னு எவன் வந்தாலும், முதல்ல அது எதை அளக்குதுன்னு அவன்கிட்ட கேளுடா." அப்போது நாங்கள் சிரித்தோம். இப்போது அது ஞாபகம் வந்தது. மாணவியின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். காணாமல்போன மாதிரிகள் எல்லாமே மருந்து கொடுத்த தேதிக்குப் பிறகு எடுத்தவை.

"என்ன மருந்தும்மா?"

"நிவோலுமாப், சார்."

"அது எதைப் பிடிக்கும்?"

"பி.டி-1-ஐ..." என்று சொல்லி நிறுத்தினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

புரிந்துவிட்டதா? மருந்தும் ஓர் ஆன்டிபாடி. அது முன்னாடியே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஒளிரும் ஆன்டிபாடி வந்து பார்க்கிறது, உட்கார இடமில்லை, திரும்பிப் போகிறது. மெஷின், 'ஒட்டவில்லை' என்று உண்மையைத்தான் சொன்னது. 'இல்லை' என்று படித்தது நாம். நிவோலுமாப் ரத்தத்தில் குறைந்த பிறகும், டி செல்களின்மேல் இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் என்பது 2010-லேயே வெளியான செய்தி என்று பிறகு அறிந்தேன்.

வழியும் அந்தப் பழைய ஆய்விலேயே இருந்தது. நாற்காலியைத் தேடாதே, உட்கார்ந்திருப்பவரைத் தேடு! நிவோலுமாப் மனித ஐ.ஜி.ஜி-4 வகையைச் சேர்ந்தது. அந்த வகையைப் பிடிக்கும் ஒளிர் ஆன்டிபாடியை அவர் வரவழைத்தார். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது: "சார், எல்லாம் அங்கேயேதான் இருக்கு!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை, எனக்கு வந்த எந்தச் சம்பள உயர்விலும் நான் கண்டதில்லை.

'சிகிச்சையால் பி.டி-1 மறைந்துவிடுகிறது' என்று அந்தக் கட்டுரை அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நம்பி இன்னொருவர் இரண்டு வருடம் உழைத்திருப்பார். அதை நம்பி ஒரு மருத்துவர், யாரோ ஒருவருடைய பெரியப்பாவுக்கு மருந்தை நிறுத்தலாமா என்று யோசித்திருக்கவும் கூடும். அளவுக் கருவியின் திரையில் தெரியும் ஒரு புள்ளிக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது.

தம்பி தங்கைகளுக்கு

இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. இன்ஜினியரிங் படித்தவனுக்கு உயிரியல் எதற்கு என்று நான் மாணவனாக இருந்தபோது அலட்சியமாகப் பேசியதுண்டு. ஃபுல்வைலர் ஓர் இன்ஜினியர். அவர் அப்படி நினைத்திருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. துறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் நம் பிளாக்குகளுக்கு நடுவே உள்ளதைப் போலத்தான். ஏறிக் குதிக்க முடியாத சுவர் அல்ல!

இன்னொன்று. பி.டி-1-இன் பெயரில் இன்றும் 'சாவு' இருக்கிறது. தப்பு என்று தெரிந்தும் யாரும் மாற்றவில்லை. உலகமே அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. பெயர் வைத்தவர்கள் பெயரோடு நின்றுவிடாமல், புரோப் செய்து, தொட்டுப் பார்த்து, தாங்கள் நினைத்தது வேறு, இருப்பது வேறு என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலில் தொடங்கிய பாதைதான் மருந்தில் முடிந்தது.

ரெக்கார்டு நோட்டில் ரீடிங் சரியாக வரவில்லை என்றால், பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருத்தி எழுதாதீர்கள். நானும் அதைச் செய்தவன்தான், அதனால்தான் சொல்கிறேன். அந்தத் தப்பான ரீடிங் உங்களிடம் எதையோ சொல்ல வந்திருக்கலாம். ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள்.

அளவியல் லேபில் அன்று எங்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட ஆசிரியருக்கு இந்தக் கட்டுரை என் காணிக்கை. சந்திப்பு நாளில் மெஸ் வாசலில் பார்ப்போம். சாம்பாரைப் பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம்!

– கருவியியல் துறை முன்னாள் மாணவர்